மோந்து பார்த்த நாட்கள்

என்னைக் கட்டிக்கொடுத்தது அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு. ஊருக்கு என்று சொன்னால் பொய்யாகிவிடும். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் ஊர் என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. நாலு பக்கமும் மரம். நான் பிறந்தது பூதப்பாண்டியை ஒட்டிய வயல்காட்டு ஊர். கதவைத் திறந்தால் கண் போகிற தூரமெல்லாம் பச்சை வயல், அதன் கடைசியில் மலை, மேலே வானம். இங்கே வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கிணற்றடிக்கு இறங்கிப் போக வேண்டும். என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆபீசில் கிளார்க். காலையில் இறங்கிப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் ஏறி வருவார். பேச்சு குறைவான மனிதர். நானும் புதுப்பெண். அவர் சாப்பிட்ட பிறகு நான் சாப்பிடுவேன். அதற்குள் பேச வேண்டியதெல்லாம் தீர்ந்துபோயிருக்கும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்கே திரும்பிப் போக முடிவு செய்தார். பங்களாவில் இருந்த சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நாற்காலி, விளக்கு, பீங்கான் தட்டு என்று ஆளாளுக்குக் கொண்டுபோனார்கள். கடைசியில் போய் நின்ற இவருக்கு யாருக்கும் வேண்டாத ஒரு கண்ணாடித் தொட்டி மிஞ்சியது. துரையின் மனைவி துரைசானி மீன் வளர்த்த தொட்டி. மாட்டுவண்டியில் ஏற்றி, மேட்டுப்பாதையில் குலுங்கிக் குலுங்கி வீடு வந்து சேர்ந்தபோது மீன்களெல்லாம் வயிறு மேலே தெரிய மிதந்தன. மிஞ்சியது ஒரு நத்தை.

எங்கள் வயல் நத்தை கறுப்பாக இருக்கும். இது மஞ்சள், அரைத்த பசுமஞ்சளில் கொஞ்சம் பால் விட்டதுபோல ஒரு நிறம். எலுமிச்சங்காய் அளவு இருக்கும். எனக்கு முதலில் அருவருப்பாகத்தான் இருந்தது. நத்தையை நடுவீட்டில் வைத்துக் கும்பிடப் போகிறோமா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை.

அவரோ ஆபீசிலிருந்து வந்து கைகால் கழுவியதும் காப்பியோடு அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஏறுவதை, வாயைத் திறந்து திறந்து பாசியைச் சுரண்டுவதை, மூச்சு வேண்டும்போது மேலே வந்து ஒரு சதைக்குழலைத் தண்ணீருக்கு வெளியே நீட்டுவதைப் பார்ப்பார். ஒருநாள், “இங்க வா, வந்து பாரு” என்று கூப்பிட்டார். கல்யாணமான பிறகு அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டிய முதல் காட்சி அது. அதன்பிறகு எங்களுக்குள் பேச ஒரு விஷயம் கிடைத்தது. இன்று முருங்கையிலையைத் தின்றதா, வெள்ளரித் தோலைத் தின்றதா என்று கேட்பார். நான் பார்த்ததைச் சொல்வேன். அதற்காகவே பகலில் அதைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்துப் பார்த்து எனக்கும் அதன்மேல் ஆசை வந்துவிட்டது.

தீனி போடுவது அவர் பாடு, தண்ணீர் மாற்றுவது என் பாடு. கிணறு சரிவுக்குக் கீழே இருந்தது. நான் முழுகாமல் இருந்து வயிறு பெரிதானதும் குடம் தூக்கி ஏற முடியவில்லை. கிணற்றிலிருந்து தண்ணீர் கோரிக் கொடுக்க ஒரு அம்மாள் வந்தாள். அவள் கொண்டுவரும் தண்ணீரை, கல்யாணச் சீராக வந்த என் செம்புப் பானையில் ஊற்றி வைப்பேன். தினமும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கும் பானை அது. தொட்டிக்கும் அதிலிருந்தே மொண்டு ஊற்றத் தொடங்கினேன். குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீர் அல்லவா, அதற்கும் கொடுப்போமே என்று.

சித்திரை மாதம். என்னை அழைத்துப்போக அண்ணன் வரவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் நத்தை தன் ஓட்டு வாயில் இருக்கும் சின்னக் கதவை மூடிக்கொண்டு அடியில் கிடந்தது. சாயங்காலமும் அப்படியே கிடந்தது. மறுநாள் அகப்பைக் காம்பால் மெல்லத் தள்ளினேன். கூழாங்கல் உருள்கிறதுபோல உருண்டு ஓர் ஓரத்தில் போய் நின்றது. அதற்கு மறுநாளும் அசைவில்லை. செத்துவிட்டது என்று தீர்மானித்தேன்.

அவருக்கு அப்போது இருட்டோடு போய் இருட்டோடு வருகிற வேலை. மழைக்கு முன்னால் மரங்களுக்கு மருந்து அடிக்க வேண்டும். துருசு என்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கிய நீல மருந்து. ஆட்களுக்கு அவர் பக்கத்தில் நின்று அளந்து கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணெல்லாம் நீலமாக இருக்கும். தொட்டிப் பக்கம் வந்து அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். என்ன, அனக்கமே இல்லையே என்றார். பகலெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, இப்போதுதான் தூங்குகிறது என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு செத்தது என்ற சொல்லை வாயால் சொல்ல மனம் வரவில்லை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. தண்ணீர் மாற்றுகிறவள் நான். பகல் முழுக்கப் பக்கத்தில் இருக்கிறவள் நான். செத்தது என்றால் என் கையில்தான் செத்தது. இன்னும் இரண்டு நாளில் நான் போய்விடுவேன், அதுவரை தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். நான் போன பிறகு அவர் பார்த்தால் அவர் கையில் செத்ததாக ஆகிவிடும் என்பதையும் நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

அண்ணன் வந்த அன்று அவர் ரோடு வரை கூட வந்தார். பஸ் வந்து நின்றபோது, “நீ ஒண்ணுக்கும் கவலைப்படாத. நத்தைய நான் பாத்துக்கிடுதேன்” என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். அவர் முகத்தைப் பார்க்காமல் ஆட்டினேன்.

பிறந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் அந்த மனிதர் தனியாக அந்த இருட்டு வீட்டில் செத்த நத்தையின் முன்னால் காப்பியோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு தோற்றம் வரும். வாய்க்குள் போனது இறங்காது. மசக்கை இன்னும் விடவில்லையோ என்று அம்மா கவலைப்பட்டாள்.

அந்தக் கோடையில் தென்னை மூட்டுக்குப் போட அப்பா குளத்தில் படிந்த கரம்பை மண் அடித்து முற்றத்தில் குவித்திருந்தார். ஒருநாள் அந்தக் கட்டிகளுக்குள் ஒரு நத்தை இருப்பதைப் பார்த்து எடுத்தேன். கறுப்பு நத்தை. கதவை இறுக்கி மூடியிருந்தது. கையில் காய்ந்த கொட்டைபோல லேசாக இருந்தது. இதுவும் செத்ததுதான் என்று துணி துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு மறந்துபோனேன். வைகாசி பாதியில் முதல் மழை கொட்டியது. மறுநாள் காலையில் பல் துலக்கப் போனபோது கல்லின்மேல் அது இல்லை. கல்லின் பக்கவாட்டில், கொம்பு இரண்டையும் நீட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது.

மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு அதில் ஒரு அதிசயமும் இல்லை.

“அது எங்க சாவும்? குளம் வத்துனா மூடிக்கிட்டு மண்ணுக்குள்ள கெடக்கும். செத்துதுன்னா நாத்தம் நாலு வீட்டுக்குத் தெரிஞ்சிரும் மக்களே” என்று சொல்லிவிட்டு வைக்கோலை உதறப் போய்விட்டார்.

நாற்றம். எங்கள் தொட்டியில் நாற்றம் வரவில்லை. நான் மோந்துகூடப் பார்க்கவில்லை. மூடியிருந்ததைப் பார்த்தேன், செத்தது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அதுவரை செத்த ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டு வந்தோம் என்பதுதான் என் வேதனை. இப்போது உயிரோடு இருந்த ஒன்றைச் செத்தது என்று விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நான் அன்றே சொல்லியிருந்தால் அவர் யாரிடமாவது கேட்டிருப்பார், ஏதாவது செய்திருப்பார். இப்போது அவரும் என்னைப்போல மூடியிருப்பதைப் பார்த்து உயிரோடு எடுத்து உரக்குழியில் போட்டிருப்பார். அன்றைக்கு வயிற்றுப்பிள்ளை உதைத்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

அடுத்த வாரம் அரிசியும் வாழைக்குலையும் கொடுக்க அண்ணன் அருமனைக்குப் போனான். நத்தை எப்படி இருக்கிறது என்று மறக்காமல் கேட்டு வரும்படி சொன்னேன். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்கவேண்டாமா என்று சிரித்தான். போய் வந்து, “சுகமா இருக்காம். அப்படித்தான் சொல்லச் சொன்னாவ” என்றான். நான் நம்பவில்லை. நிறைமாசக்காரி மனம் நோகக்கூடாது என்று அவர் சொன்ன பொய் என்றே எடுத்துக்கொண்டேன். நான் ஒரு பொய் சொல்லி, அதனால் அவரையும் ஒரு பொய் சொல்ல வைத்துவிட்டேன் என்று அதற்கும் சேர்த்து வருந்தினேன்.

ஆனியில் பெண் பிறந்தது. அவர் பார்க்க வந்தார். ஆள் இளைத்திருந்தார். குழந்தையைக் கையில் வாங்கப் பயந்து அதன் பாதத்தை மட்டும் தொட்டுப் பார்த்தார். நத்தை என்று மெதுவாக ஆரம்பித்தேன். கிடக்கிறது, சுகமாகத்தான் கிடக்கிறது என்று பாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டால் நானும் சொல்லவேண்டி வரும்.

ஐப்பசியில் பிள்ளையோடு தோட்டத்துக்குத் திரும்பினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கண் தொட்டிக்குத்தான் போனது. மஞ்சள் நத்தை கண்ணாடியில் பாதி உயரத்தில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் அவர் ஆபீசுக்குப் போன பிறகு தண்ணீர்க்கார அம்மாள் வந்தாள். நான் போன பின்பு நடந்ததை அவளாகவே சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் பஸ் ஏறிய மறுநாளிலிருந்து தினமும் விடியற்காலையில் அவரே மண்குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போவாராம். தொட்டித் தண்ணீரை மாற்றிவிட்டு, அந்த நத்தையை வெளியே எடுத்து மூக்கில் வைத்து மோந்து மோந்து பார்ப்பாராம். பத்து நாளைக்குமேல் இந்தக் கூத்து நடந்ததாம். பொண்டாட்டி ஊருக்குப் போனதும் மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே நினைத்தாளாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூடிக் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். பார்த்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உயிர் இருக்கிறதா என்று நான் ஒருதரம்கூடப் பார்க்காததை அவர் தினமும் பார்த்திருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலமே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்தது, அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டிமுன் நின்று அதற்கு நத்தையைக் காட்டினார். அந்த முகத்தைப் பார்த்ததும் எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன். உயிரோடுதானே இருக்கிறது, இனி நன்றாகப் பார்த்துக்கொண்டால் போயிற்று.

அப்படி நன்றாகப் பார்த்துக்கொள்ளப் போய்த்தான் அது நடந்தது. ஒருநாள் அவர் ஆபீஸ் வேலையாகக் கருங்கல் ஊருக்குப் போய் இரவு அங்கேயே தங்கினார். பிள்ளை தூங்கியது. நத்தையைப் பழைய தண்ணீரோடு ஒரு மண்சட்டியில் விட்டு, தொட்டியைக் காலி செய்து, பாசி ஒன்றில்லாமல் தேங்காய்நார் வைத்துத் தேய்த்துக் கழுவினேன். செம்புப் பானையைப் புளிபோட்டு விளக்கி, அதில் தண்ணீரை இரவு முழுக்கத் தெளியவைத்து, மறுநாள் காலையில் முழுவதையும் தொட்டியில் ஊற்றினேன். அவ்வளவு தெளிவான தண்ணீரில் அந்த நத்தை அதற்குமுன் இருந்ததில்லை. மத்தியானத்துக்குள் அது கண்ணாடியைவிட்டு விழுந்து கதவை மூடிக்கொண்டது.

அவர் வந்து பார்த்தார். தன் கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இப்பம் எங்கையில ஒண்ணும் இல்லியே. துருசு தொட்டு மாசம் எத்தனை ஆவுது” என்றார்.

என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். நான் ஊருக்குப் போன மறுநாள் அது மூடிக் கிடந்ததாம். முந்தின ராத்திரி மருந்து வேலையிலிருந்து வந்து கையைச் சரியாகக் கழுவாமல் கீரைத்தண்டைத் தொட்டிக்குள் போட்டிருந்தாராம். துருசு பட்ட மரத்தில் நத்தையோ அட்டையோ ஏறாது, ஏறினால் சாகும் என்று அவருக்குத் தெரியும். நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று சோறு இறங்காமல் கிடந்தாராம். ஆபீசில் ஒருவர் நாற்றம் வராதவரை நம்பிக்கை உண்டு என்று சொன்னாராம். அதனால்தான் மோந்து பார்த்தாராம். கதவு திறந்து கொம்பு வெளியே வந்த அன்று ஆபீசுக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

இதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. “உங்க கையினால ஒண்ணும் ஆவல்ல. நான் போறதுக்கு முன்னாலயே அது மூடிட்டு. நான் பாத்தேன். செத்துட்டுன்னு நினைச்சுத்தான் சொல்லாமப் போனேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்பம் தூங்குதுன்னு சொன்னது?”

“பொய்யி.”

தண்ணீர் எதிலிருந்து எடுத்தாய் என்று மட்டும் கேட்டார். பானையைக் காட்டினேன். அன்றைக்கும் இதிலிருந்துதானா என்றார். ஆமாம் என்றேன். பானையின் பக்கத்தில் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். துருசு செம்பிலிருந்து செய்கிற சரக்கு என்று ஆபீசில் பேசக் கேட்டிருப்பதாகவும், மனிதருக்கு ஒன்றும் செய்யாதது இந்தச் சின்ன உயிருக்கு ஆகாமல் போயிருக்கலாம் என்றும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. மண்குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கிப் போனார்.

அதன்பிறகு காலையில் அவர் மோந்து பார்ப்பார், மத்தியானம் நான். உள்ளங்கையில் வைத்து மூக்குக்குக் கொண்டுபோவேன். வெறும் பாசிவாடைதான் இருக்கும். அப்பாடா என்று தண்ணீரில் விடுவேன். முதல் தடவை பிழைத்ததே, இந்தத் தடவையும் பிழைக்கும் என்று இருந்தோம். அவரிடம் கோபம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவர் பிள்ளையோடுதான் பேசினார், என்னோடு பேசவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம் தொட்டியின் பக்கத்தில் போகும்போதே தெரிந்துவிட்டது. கையில் எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. கதவு ஒருபக்கம் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா சொன்ன நாற்றம் இதுதான்.

அவர் வர இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. வந்து தானே பார்க்கட்டும் என்று ஒரு நினைப்பு பழையபடி வந்தது. அந்த நினைப்பு வந்ததுமே பயந்துபோனேன். பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டு, தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு, சரிவில் இறங்கி ஆபீசுக்கு நடந்தேன். அதுவரை நான் அங்கே போனதில்லை. வாசலில் ரப்பர் ஷீட்டு எண்ணிக்கொண்டிருந்த ஆட்கள் என்னமோ ஏதோ என்று எழுந்து நின்றார்கள். அவர் பேனாவும் கையுமாக ஓடிவந்தார்.

“நாத்தம் வந்திட்டு” என்றேன்.

அவருக்கு முதலில் பிள்ளைக்கு ஏதோ என்றுதான் தோன்றியிருக்கிறது. பிறகு புரிந்தது. ஆபீசில் சொல்லிவிட்டுக் கூட வந்தார். பிள்ளையை வாங்கிக்கொண்டார். வீடு வந்ததும் அதை என்னிடம் தந்துவிட்டு, பின்னால் குழி தோண்டி நத்தையைப் புதைத்துவிட்டுக் கைகழுவி வந்து உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். பிள்ளை அழ ஆரம்பித்தது, அமர்த்தினேன்.

“வேற எதாவது எங்கிட்டச் சொல்லாம வச்சிருக்கியா? உள்ளதைச் சொல்லு” என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இந்த வீட்டில் பகலில் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். வந்த நாளிலிருந்தே பயம்தான் என்றேன். மழைநாளில் உச்சிப்பொழுதிலேயே விளக்கு ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், மரத்தில் காற்று அடிக்கிற சத்தத்துக்குக் கதவைத் தாழ் போட்டுக்கொள்வதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். இத்தனை நாளாகவா என்று மட்டும் ஒருதரம் கேட்டார்.

தை மாதத்துக்குள் ரோட்டோரத்தில் காலியாக இருந்த வீட்டை மேலதிகாரிகளிடம் கேட்டு வாங்கிவிட்டார். சின்ன வீடு. பஸ் போவது தெரியும், சந்தைக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார்கள், முற்றத்தில் வெயில் விழும். அங்கே எனக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. சந்தோஷமாகத்தான் இருந்தோம். ஆனால் அந்த முற்றத்தில் நெல் காயப்போட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம், அந்த நத்தை செத்துத்தானே இந்த வீடு கிடைத்தது என்ற நினைப்பு வரும். வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன்.